எதிர்ச்சுமைப் பணியாளர்

கட்டட உறுதி ஆணையத்தின் தலைமை அலுவலகத்துக்கு முதலில் பால்கனி கிடையாது. வரைபடத்திலும் இல்லை, மதிப்பீட்டிலும் இல்லை. கட்டி முடித்து, வெள்ளையடித்து, நாற்காலிகள்கூட வந்து இறங்கிய பிறகுதான் குடிநீர் வாரியத்தின் புதிய அலுவலகத்தில் பால்கனி இருக்கிற செய்தி ஆணையத்தின் இயக்குநர் காதுக்கு எட்டியது. தண்ணீர் விடுகிறவர்களுக்கே பால்கனி என்றால், நாட்டில் உள்ள அத்தனை கட்டடங்களும் நிற்குமா விழுமா என்று சொல்லும் பொறுப்பில் இருப்பவர்கள் வெறும் சன்னல் வைத்துக்கொண்டு எப்படிக் காலந்தள்ளுவது? அந்த வாரமே உத்தரவு போனது.

இடம் தேட வேண்டியிருக்கவில்லை. வாசல் கூடம் மூன்று மாடி உயரத்துக்குத் திறந்து கிடந்தது. அதன் உச்சியில், தெருவைப் பார்த்த பக்கம், இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் உத்திரம் ஓடியது. அந்த உத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துளைத்துக் கம்பிகளைச் செருகி, கான்கிரீட் கொட்டி, பால்கனியைத் தொங்கவிட்டார்கள். இயக்குநரின் அறையிலிருந்து கண்ணாடிக் கதவைத் திறந்தால் பால்கனி. உத்திரத்தின் மறுமுனையில் தபால் பிரிவு. அங்கிருந்து உத்திரத்தின் உட்பக்கமாக, கூடத்துக்கு மேலே, பூந்தொட்டி வைப்பதற்கென்று குறுகலான ஒரு திட்டு நீண்டிருந்தது.

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையைத் தபால் பிரிவு எழுத்தர் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். எல்லோரும் அவரைத் தபால் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, மெதுவான நடை. ஒரு நாள் தண்ணீர் ஊற்றப் போனவர் உத்திரத்தில் ஒரு விரிசலைப் பார்த்தார். நேராக இல்லை. சாய்வாக ஓடி, அடிப்பக்கம் போய், மறுபக்கம் ஏறியிருந்தது. குச்சியில் சுற்றிய ரிப்பன்போல இருந்தது.

அதே மாடியில் இருந்த உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் கணக்கு மேடம் என்று பெயர். கணக்குப் போடத் தெரிந்தவர் மூன்றாம் மாடியில் அவர் ஒருவர்தான் என்பதால், கொஞ்சம் ஏளனமாக வைத்த பெயர்.

கணக்கு மேடம் விரிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு திட்டின் மேல் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்துப் பிழிந்து காட்டினார்.

"இப்படித்தாண்ணே. பால்கனி ஒரு பக்கமா கீழ இழுக்குது. பீம் அந்தப் பக்கமா உருளப் பாக்குது. ரெண்டு தூணும் விடமாட்டேங்குது. நடுவுல பீம் பிழியுது."

"பிழிஞ்சா?"

"துணின்னா தண்ணி வரும். கான்கிரீட்னா இந்த மாதிரி சாய்வா வெடிப்பு வரும். உள்ள கம்பி ரிங் முழுசா மூடின ரிங்கா இருந்தா இறுக்கிப் பிடிச்சுக்கும். இதுல எல்லாம் மேல திறந்த ரிங்கு. அப்ப பால்கனியே கிடையாதே, முறுக்கறதைப் பத்தி யாரு நினைச்சாங்க?"

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்த உத்திரம் தாங்கக்கூடிய முறுக்கு விசை ஒன்று. பால்கனியில் ஆட்கள் ஏறினால் வந்து சேருகிற முறுக்கு விசை இன்னொன்று. முதலாவது இரண்டாவதில் பாதிதான் தேறியது. கணக்கை எடுத்துக்கொண்டு இயக்குநர் கூட்டிய அவசரக் கூட்டத்துக்குப் போனார். முதலில் பார்த்தவர் என்பதால் தபால் அண்ணனும் சுவரோரமாக நின்றார்.

இயக்குநர் மென்மையாகப் பேசுகிறவர். யாரையும் அதட்டி ஒருவரும் கேட்டதில்லை.

"காலியா இருந்தா நிக்கும் சார். ஆள் ஏறினா சொல்ல முடியாது" என்றார் கணக்கு மேடம்.

"சொல்ல முடியாதுன்னா என்னம்மா அர்த்தம்? சொல்றதுக்குத்தானே நம்ம ஆணையமே இருக்கு?"

"பால்கனியை எடுத்துடலாம் சார். இல்லன்னா பீமைச் சுத்தி இரும்புத் தகடு கட்டணும். அதுவரைக்கும் பூட்டி வைக்கணும்."

"யோசிச்சுப் பாரும்மா. இந்தக் கட்டடத்துக்கு உறுதிச் சான்றிதழ் குடுத்தது நாம. அதுல இருக்கறது என் கையெழுத்து. என் கையெழுத்து விரிசல் விட்டுடுச்சுன்னு நானே எழுதணுமா?"

அறையில் இருந்த மூத்த பொறியாளர்கள் மேசையைப் பார்த்தார்கள். விலை உயர்ந்த மேசை. பார்ப்பதற்கு நிறைய இருந்தது.

கணக்கு மேடம் விடவில்லை. "சார், கணக்குப்படி மறுபக்கமும் அதே அளவு எடை இருந்தாத்தான் முறுக்கு சமமாகும். ஆனா..." என்று தொடங்கினார். அந்த 'ஆனா'வைக் கூட்டக் குறிப்பில் யாரும் எழுதவில்லை. மறுபக்கம் எடை என்பதை மட்டும் எழுதிக் கீழே கோடு போட்டார்கள்.

மணல் மூட்டை வைக்கலாம் என்றார் ஒருவர். மணல் மூட்டை வாங்க டெண்டர் விட வேண்டும், டெண்டர் விட்டால் எதற்கென்று தணிக்கை கேட்கும் என்றார் இன்னொருவர். இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"புதுசா எதுவும் வாங்க வேண்டாம். ஊழியர்கள் ஏற்கெனவே ஒப்புதல் வாங்கின சுமைதானே?"

மறுநாள் தபால் பிரிவின் பார்சல் தராசில் எல்லோரையும் நிறுத்தார்கள். முள்ளைப் பார்த்துச் சொன்னவர் தபால் அண்ணன்தான். கடைசியில் அவரே ஏறி நின்றார். முள்ளை இயக்குநரின் உதவியாளர் பார்த்தார். பார்த்துவிட்டு விசில் அடித்தார். இயக்குநர் வந்து கை குலுக்கினார். அத்தனை வருடத்தில் அவர் தபால் அண்ணனின் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பூந்தொட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, திட்டில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டார்கள். பதவிக்கு எதிர்ச்சுமைப் பணியாளர் என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டில் அவருடைய மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அக்கம்பக்கத்துக்கு எல்லாம் துணி தைத்துக் கொடுக்கிறவள் அவள்.

"என்ன வேலைங்க அது?"

"உக்காரணும்."

"இதுவரைக்கும் நின்னுக்கிட்டா இருந்தீங்க?"



ஆரம்பத்தில் மணி அடிப்பார்கள். இயக்குநர் கண்ணாடிக் கதவைத் திறக்கப் போகிறார் என்றால் உதவியாளர் ஒரு பொத்தானை அமுக்குவார். தபால் அண்ணன் கையில் இருக்கிற கடிதங்களைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திட்டில் உட்கார வேண்டும். இயக்குநர் போன் பேச வருவார், புகைபிடிக்க வருவார், சில சமயம் எதற்கு வந்தோம் என்று மறந்துபோய் நிற்பார். தபால் அண்ணன் ஓடிவந்து சேர்வதற்குள் இயக்குநர் கதவருகே காத்திருக்க நேர்ந்தது. ஆணையத்தின் இயக்குநர் ஓர் எழுத்தருக்காகக் காத்திருப்பது முறையல்ல என்று மணியை எடுத்துவிட்டு, தபால் அண்ணனை நிரந்தரமாகத் திட்டிலேயே உட்கார வைத்தார்கள். கழிவறைக்குப் போவதென்றால் கை தூக்கிக் கேட்க வேண்டும். உதவியாளர் எட்டிப் பார்த்து, பால்கனி காலியாக இருந்தால் தலையசைப்பார்.

கடிதங்கள் தபால் பிரிவில் குவிந்தன. வீட்டுச் சுவர் வெடித்திருக்கிறது என்றும், பள்ளிக்கூடக் கூரை இறங்குகிறது என்றும் ஜனங்கள் எழுதியவை. யாரும் பிரிக்கவில்லை. பிரித்துக்கொண்டிருந்த காலத்துக்கும் பிரிக்காத காலத்துக்கும் வித்தியாசம் எதுவும் ஆணையத்துக்குத் தட்டுப்படவில்லை.

முதல் மாதம், காலுக்குக் கீழே மூன்று மாடி வெறுமையைப் பார்க்கும்போது தபால் அண்ணன் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பிறகு பிடிப்பது நின்றது. பிறகு கீழே பார்ப்பதும் நின்றது. கூடத்தில் போகிறவர்களின் உச்சந்தலைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். யாராவது அண்ணாந்து பார்த்துச் சிரித்தால் ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. அதுவும் போய்விட்டது. நாள் முழுக்கத் தொங்கவிட்டிருந்த கால்கள் மரத்துப்போயின. சாயங்காலம் எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். சில வாரம் சரியானது. அதன் பிறகு நடக்கும்போது தரையில் மிதிக்கிறோமா பஞ்சில் மிதிக்கிறோமா என்று தெரியாமல் இருந்தது. அதையும் ஒரு பெரிய விஷயமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவிதான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சக்கரை எக்கச்சக்கமா இருக்கு. எடையைக் குறைங்க. நல்லா நடங்க. ஒரே இடத்துல உக்காந்திருக்கவே கூடாது."

"டாக்டர், உக்காரறதுதான் என் வேலை."

"எல்லாருக்கும் அப்படித்தான் சார்" என்றார் டாக்டர், அடுத்த நோயாளிக்கு மணி அடித்துக்கொண்டே.

மனைவி சாப்பாட்டில் கை வைத்தாள். காலையில் வாசல் கதவைத் திறந்துவிட்டு, தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவாள். வீட்டில் எடை பார்க்கும் கருவி கிடையாது. அவளுக்கு அது தேவையும் இல்லை. பேண்ட்டின் இடுப்பைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பிரித்து, இன்னும் உள்ளே பிடித்தாள். "பாத்தீங்களா?" என்று ஊசியைப் பல்லில் கடித்தபடி கேட்டபோது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அவரும் சிரித்தார்.

ஆணையத்தில் திங்கட்கிழமைதோறும் எதிர்ச்சுமையை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் வந்திருந்தது. மூன்றாவது திங்கட்கிழமை உதவியாளர் முள்ளைப் பார்த்துவிட்டுத் தராசைத் தட்டினார். மறுபடி பார்த்தார். உள்ளே போனார்.

விசாரணையை இயக்குநரே நடத்தினார். தபால் அண்ணனை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்லை. ஆனா நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குப் புரியணும். அனுமதி இல்லாம கட்டட அமைப்புல மாற்றம் பண்ணியிருக்கீங்க."

"நான் ஒண்ணும் பண்ணலையே சார். கொஞ்சம் சாப்பாட்டைக் குறைச்சேன்."

"அதைத்தான் சொல்றேன். யாராவது தன் வீட்டுத் தூண்ல கொஞ்சத்தைச் சுரண்டி எடுத்தா நாம சும்மா விடுவோமா? உங்க உடம்புன்னு நினைச்சுக்கறீங்க. வீட்டுல இருக்கறப்ப அது உங்க உடம்புதான். இங்க வந்து உக்காந்துட்டா அது இந்தக் கட்டடத்தோட உறுப்பு. இந்த நாட்டுல எனக்கு அதிகாரம் இருக்கறது கட்டடத்து மேல மட்டும்தான். மனுஷங்க மேல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு பொறுமையாப் பேச முடியுது."

எடையைக் குறைக்க விரும்பும் எதிர்ச்சுமைப் பணியாளர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் வேலை கணக்கு மேடத்துக்கு வந்தது. அவர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை, நீ போடாவிட்டால் மூத்த பொறியாளர்கள் போடுவார்கள் என்று இயக்குநர் சொன்னதும் உட்கார்ந்து போட்டார். அவர் கண்ட விடையை மூத்த பொறியாளர்கள் பாதுகாப்புக்காக ஒரு தடவை வகுத்தார்கள். பாதுகாப்பான பாதுகாப்புக்காக இன்னொரு தடவை வகுத்தார்கள்.

கணக்கு மேடம் திட்டின் ஓரம் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அரைக் கிலோண்ணே."

"அரைக் கிலோன்னா எதை?"

அன்று மத்தியானத்திலிருந்து குறைந்த எடையை மீட்பதற்காக அலுவலகச் செலவில் தபால் அண்ணனுக்கு இரண்டு ஆள் சாப்பாடும் இனிப்பும் வந்தன. உதவியாளர் கூடவே நின்று, தட்டு காலியானதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தபால் அண்ணன் முதல் நாள் அழுதார். இரண்டாம் நாள் சாப்பிட்டார். அதற்கு அடுத்து வந்த நாட்களில் என்ன சாப்பிட்டார் என்று வீட்டில் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பேண்ட்டை மறுபடி வெளியே விட்டுத் தைக்க வேண்டி வந்தபோது அவர் மனைவி மிஷினை மூடி வைத்துவிட்டு ஆணையத்துக்குக் கிளம்பினாள். இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா, உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியாது."

"அவருக்குச் சக்கரை சார். இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டி வரும்ங்கறாங்க."

இயக்குநர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. பேனாவை எடுத்தார்.

"ஐயையோ. காலை எடுத்தா எவ்வளவு எடை குறையும்னு டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

அவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் மனுஷங்களைப் பத்தி நினைக்கவே மாட்டீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அதை நினைக்காம எங்களால ஒரு படிக்கட்டுகூடப் போட முடியாதே. ஒரு மனுஷன்னா சராசரியா எத்தனை கிலோன்னு எங்க விதிப் புத்தகத்துல முதல் அத்தியாயத்துலயே இருக்கு." பிறகு அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நீங்க ரொம்ப ஒல்லி. இல்லன்னா உங்களுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுத்திருப்பேன். புருஷன் பொண்டாட்டி ஒரே எடத்துல இருக்கலாம்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். கூடத்தைக் கடக்கும்போது அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில் ஒரு நாற்காலி, அதில் அவள் கணவர், அவர் மடியில் சாப்பாட்டுத் தட்டு. அவர் கையை உயர்த்தினார். அவள் பதிலுக்குக் கை காட்டவில்லை. காட்டினால் அவர் எழுந்துவிடுவாரோ என்று பயம், எழவே மாட்டாரோ என்றும் பயம். அப்படியே தெருவில் இறங்கி நடந்தாள்.

அதன் பிறகுதான் உறுதி வாரம் வந்தது. ஆண்டுக்கொரு முறை, கட்டடங்கள் விழாமல் இருப்பதை ஆணையம் கொண்டாடும் வாரம். அந்த வருடம் அமைச்சர் பால்கனியில் நின்று பேசுவதாக ஏற்பாடு. அமைச்சரோடு வருகிறவர்கள் கூட்டமாக வருவார்கள் என்பதால், தபால் அண்ணனுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, கனத்த ஊழியர்கள் சிலரையும் உட்கார வைத்தார்கள். அமைச்சர் பேசி முடிக்கும் வரை யாரும் எழக் கூடாது என்று உத்தரவு.

கணக்கு மேடத்துக்கு வேலை கீழே கூடத்தில். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். உத்திரம் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். உடைந்தால் என்ன செய்வதென்று உத்தரவில் இல்லை.

அமைச்சர் பேசத் தொடங்கினார். உறுதி என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, அதற்கு விடை தேடி நெடுந்தூரம் போனார். கணக்கு மேடத்தின் காலருகே பளிங்குத் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பூந்தொட்டித் தண்ணீர் என்று நினைத்தார். இரண்டாவது சொட்டு விழுந்தபோது குனிந்து பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"அண்ணே! உங்க காலு!"

தபால் அண்ணன் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்புக்கும் கால் உறைக்கும் நடுவிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அறிவிப்புப் பலகையில் குத்துகிற ஊசி ஒன்று அடியிலிருந்து உள்ளே ஏறியிருந்தது. கால் உறை சீழும் ரத்தமுமாக ஒட்டிப்போயிருந்தது. ஊசி சில நாளாகவே அங்கே இருந்திருக்க வேண்டும்.

"வலிக்கலையே மேடம்" என்றார் அவர். யாருடைய காலையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"கீழ எறங்குங்க முதல்ல!"

கூடத்தில் மேடத்தின் பக்கத்தில் நின்ற உதவியாளர் உதட்டில் விரலை வைத்தார். "அமைச்சர் பேசிட்டு இருக்காரும்மா."

கணக்கு மேடம் மாடிப்படி ஏறி ஓடினார். இயக்குநரின் அறைக்குள் புகுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, பால்கனிக்குள் காலை வைக்காமல் வாசலிலேயே நின்றார்.

"சார், எல்லாரும் உள்ள வாங்க. இந்த பீம் தாங்காது. அந்தப் பக்கம் ஆளுங்களை உக்கார வச்சுத்தான் நீங்க நிக்கறீங்க. அவருக்குக் கால்ல ரத்தம் கொட்டுது. அவரை எழுப்பணும்."

இயக்குநர் சிரித்தார். "எங்க பொறியாளர்கள்லாம் ரொம்பத் தமாஷ் சார்."

அமைச்சர் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியாத விஷயம் எதிலும் சிரிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "தாங்காதுன்னு யாரு சொன்னது?"

"நம்ம ஆணையத்தோட விதி சார். முறுக்கு விசைக்கு ஒரு அளவு இருக்கு. இந்த பீம்ல அதுல பாதிதான்..."

"விதியை எழுதினது யாரு?"

"நாங்கதான் சார்" என்றார் இயக்குநர்.

"அப்புறம் என்ன?" என்றார் அமைச்சர்.

இயக்குநருக்கு அந்தக் கேள்வியின் முழு வீச்சும் விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியபோது அவர் அமைச்சரைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. எல்லோரும் தேநீருக்காக உள்ளே வந்தார்கள். அப்போதுதான் தபால் அண்ணனைத் திட்டிலிருந்து எழுப்ப முடிந்தது.

மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மனைவி படுக்கையருகே ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட பாதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கணக்கு மேடம் பார்க்க வந்தார். பையில் பழமும் முகத்தில் தூக்கமின்மையும் இருந்தன.

"விதியை மாத்திட்டாங்கண்ணே. உத்திரம்னா வளையும், நசுங்கும், ஆனா முறுக்கிக்காதுன்னு திருத்தம் வந்திருக்கு. இனிமே முறுக்கு விசையைக் கணக்குலயே எடுத்துக்கக் கூடாதாம். மூத்த பொறியாளருங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"நீங்க?"

"போடலை. கழிவுநீர்க் குழாய்ப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. வேற ஊரு."

"அப்ப நான் திட்டுல உக்கார வேண்டாமா?"

"வேண்டாம். முறுக்கே இல்லைன்னா எதிர்ச்சுமை எதுக்கு? பழைய இடத்துக்கே போகலாம்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று தபால் அண்ணனுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "பழம் சாப்பிட்டா ஆகாதே" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே தோலை உரித்துக் கணக்கு மேடத்துக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

கால் ஓரளவு ஆறியதும் அவர் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினார். மேசையைக் காணவில்லை, கடிதங்களுக்கு அடியில் இருந்தது. திட்டில் நாற்காலி இல்லை, தொட்டிகள் திரும்ப வந்திருந்தன. உத்திரத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு. கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டிருந்தார்கள். பூச்சின் மேல், பழைய இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, ஈரம் காயாததுபோல ஒரு கோடு தெரிந்தது. கிட்டப் போய் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னார்.

"சார், விரிசல் திரும்ப வந்திருக்கு. முன்னவிட அகலமா."

இயக்குநர் கனிவோடு அவருடைய காலை விசாரித்தார். பிறகு, "எந்த விதிப்படி?" என்று கேட்டார்.

தபால் அண்ணன் கைத்தடியை எடுத்துக்கொண்டார். கீழே இறங்கினார். ஒவ்வொரு படியிலும் முதலில் தடியை வைத்து, அது நின்ற பிறகு காலை வைத்து, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். சாயங்கால நேரம். தெருவில் நல்ல நடமாட்டம். பால்கனிக்கு நேர் கீழே நடைபாதையில், கைக்குழந்தையோடு ஒரு பெண் நிழலுக்காக ஒதுங்கி நின்றிருந்தாள்.

"அம்மா, எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கம்மா."

"ஏன்?"

"மேல பாருங்க."

அவள் பார்த்தாள். இயக்குநர் அப்போதுதான் போன் பேச வெளியே வந்துகொண்டிருந்தார். பால்கனி சுவரோடு சேருகிற இடத்திலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். அடுத்து வந்தவரையும் அவர் திருப்பினார். அதற்கு அடுத்து வந்தவரையும். திரும்பிப் போனவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கிறவர்களைப் பார்த்து இன்னும் சிலர் நின்றார்கள். தபால் அண்ணனும் தெருவைக் கடந்து அவர்களோடு நின்றுகொண்டார்.

இயக்குநர் போனை அணைத்தார். தெரு நிறைய முகங்கள், எல்லாம் அவரை நோக்கி. அவர் உள்ளே திரும்பி ஊழியர்களைக் கூப்பிடுவது கேட்டது. "எல்லாரும் வெளிய வாங்க! ஜனங்களுக்கு நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்க!"

மூத்த பொறியாளர்கள் அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது. திருத்தத்தில் கையெழுத்துப் போட்ட ஒருவர்கூட வெளியே வரவில்லை. உதவியாளர் மட்டும் கதவுக்கு உள்ளே நின்றபடி, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறுகையை எட்டும்வரை நீட்டி ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

தபால் அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? கிளம்பியாச்சா?"

"கிளம்பிட்டேன். வெளியதான் நிக்கறேன்."

"கால் எப்படி இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். நடந்ததில் கட்டு லேசாக நழுவியிருந்தது. "இருக்கு" என்றார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோரும் தம்மைக் கிட்டத்தில் பார்க்கட்டும் என்று கைப்பிடிச் சுவர் வரை முன்னால் வந்தார். உறுதி என்பது, என்று தொடங்கினார்.

தபால் அண்ணன் கைத்தடியைக் குறுக்கே நீட்டி, முன்னால் நின்றவர்களை மெதுவாகத் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க" என்றார்.